முதல் விசில்

மே 12

இன்று தேதியை நானே எழுதினேன். எழுபத்தெட்டு வயதில்! மாலைப் பள்ளியில் ஒகாபே டீச்சர் சொன்னார்: "குமெஸாவா ஐயா, தினம் ரெண்டு வரி போதும். பொய் மட்டும் எழுதாதீங்க."

மே 15

மழை. 'மழை' என்று எழுதிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

மே 19

ஸ்டேஷன் சுவரில் ஒரு போஸ்டர். எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். 'ஆணி மழை'. எங்கள் படம்! 1981இல் ஒசாகாவின் பழைய இரும்புக் கிடங்கில் யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்தோம். போலீஸ் வந்தால் கேமராவைக் கட்டிக்கொண்டு ஓடுவோம். நான் தலையைப் பாதி மழித்து, சட்டையெல்லாம் ஆணி குத்தி, மோட்டார் சைக்கிள் ஓட்டினேன். என் நண்பன் தொகிதா எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் ஏறி நின்று டிரம் அடிப்பான். அவன் அடித்தால் இரும்பே ஆடும்.

மே 24

படம் பார்த்தேன். சின்னத் தியேட்டர், நாற்பதே இருக்கைகள். பிள்ளைகள் எழுந்து நின்று கத்துகிறார்கள். படம் அப்படி: ஒரு நிமிடம் உட்கார விடாது.

டிக்கெட் கொடுக்கும் நத்சுமி ஓடி வந்தாள். "தாத்தா, அந்த வண்டியில வர்றது நீங்களா! அந்த நெருப்பு ஷாட்டுக்காகவே பதினோரு வாட்டி பார்த்திருக்கேன். நிஜமாவே எரியுது! இப்ப யாருக்கு அந்தத் துணிச்சல்?" ஜூன் 21, சனிக்கிழமை, தொகிதாவும் நானும் மேடையில் பேச வேண்டுமாம்.

அந்த ஷாட் வந்தபோது நானும் கத்தினேன். சந்தோஷமாக. அதுதான் தாங்கவில்லை.

மே 25

எழுத முடியவில்லை.

மே 30

பொய் எழுதக்கூடாது. எழுதுகிறேன்.

அன்று காலை ஒரு தாள் சுற்றில் வந்தது. எத்தனை முரட்டுக் கூட்டமானாலும் ஆபீஸ் மாதிரி எங்களுக்கும் அந்த வழக்கம் இருந்தது. தாளைப் படித்தவர், படித்தேன் என்பதற்கு அடையாளமாகக் கீழே தன் பெயர் முத்திரையை வைத்து அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். நான் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். முத்திரையை அழுத்தினேன். ஒரு எழுத்துகூடத் தெரியாது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். வெட்கம்.

தாளில் இருந்தது இதுதான் என்று பிறகுதான் தெரிந்தது: இன்று நிஜப் பெட்ரோல். தொகிதா இறங்கிய பிறகு இரண்டாவது விசில். அதற்குத்தான் வண்டி கிளம்ப வேண்டும்.

நான் முந்தின நாள் போலவே முதல் விசிலுக்குப் பாய்ந்தேன். வண்டி மோதிப் பீப்பாய்கள் சரிந்தன. தொகிதா நெருப்பில் விழுந்தான். கேமரா நிற்கவில்லை. அவனுக்கு இடது காது போயிற்று, இடது கை மடங்கிப் போயிற்று. பிறகு அவன் டிரம் தொடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான்: "டிரம் சத்தத்துல உனக்கு விசில் சரியா கேட்டிருக்காது. விடுடா." நான் விட்டுவிட்டேன். நாற்பத்து நான்கு வருடம்.

ஜூன் 3

தொகிதா போன் செய்தான். என்னை இன்னும் பேர் சொல்லிக் கூப்பிடுபவன் அவன்தான்.

"டேய் இவாவோ! இன்னும் சாகலியா நீ?"

"நீ முதல்ல போ, வழி தெரியட்டும்னு இருக்கேன்."

"மேடையில அந்த விசில் கதையச் சொல்லிடுவோம். உனக்கு ஒரு காதும் கேக்கல, எனக்கு ஒரு காதே போச்சுன்னு. ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும்."

சரி என்றேன். சரின்னுட்டேனே! என்ன மனுஷன்டா நான்?

ஜூன் 8

அவனுக்குக் கடிதம் எழுதினேன். டீச்சர் திருத்தித் தருகிறேன் என்றார். கையால் மூடிக்கொண்டேன். 'அன்று எனக்குப் படிக்கத் தெரியாது. விசில் நன்றாகக் கேட்டது.' இவ்வளவுதான். மூன்று நாள் பிடித்தது.

ஜூன் 9

தபாலில் போட்டேன்.

ஜூன் 15

ஒன்றும் வரவில்லை.

ஜூன் 17

நத்சுமி போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஜூன் 19

உறை வந்தது. உள்ளே என் கடிதமேதான். திருப்பி அனுப்பிவிட்டான் என்று நினைத்தேன். விரித்துப் பார்த்தேன்.

என் கடைசி வரிக்குக் கீழே சிவப்பாக, வட்டமாக, அவன் முத்திரை. கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஒற்றைக் கையால் வைத்திருப்பான்.

பின்பக்கம் பெரிய பெரிய எழுத்தில்: 'சனிக்கிழமை சீக்கிரம் வா. எனக்கு வலப்பக்கம் உட்கார். அந்தக் காதுதான் இருக்கிறது.'

மூன்று தடவை படித்தேன். யாரையும் கேட்காமல். அதன் பிறகுதான் அவன் முத்திரைக்குப் பக்கத்தில் என் முத்திரையை வைத்தேன்.