வெறுங்காலோடு பார்த்த கல்லறை

எடின்பரோ
10-2-1974

அன்புள்ள அத்தானுக்கு, சுகிர்தம் எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கன சுகமே. போடியில நீங்களும் அத்தையும் சுகமா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

போன ஞாயிறு ஆஸ்பத்திரியில எனக்கு லீவு. பழைய சர்ச் ஒண்ணு பார்க்கப் போனேன். நம்ம ஊர் நினைப்பில் ஷூவை வாசல்லயே கழட்டிட்டேன். உள்ளே, அறுநூறு வருசத்துக்கு முந்தி வாழ்ந்த ஒரு பிரபுவோட கல்லறை. பிரான்சுக்குச் சண்டைக்குப் போனவர் அங்கேயே இறந்துட்டாராம். இருதயத்தை மட்டும் வெள்ளிப் பெட்டியில கொண்டுவந்தாகளாம். அவர் சம்சாரம் அதைத் தன்னோடயே புதைக்கச் சொன்னாகளாம். மேலே ரெண்டு பேரும் கல்லுல கைகோத்துப் படுத்திருக்காக. பக்கவாட்டில் அவுக மூணு பிள்ளைகளையும் செதுக்கியிருக்காக.

நான் நின்னுகிட்டே இருந்தேன். சர்ச் காவல்காரர் என் காலைப் பார்த்துப் பதறி, ஷூ களவு போச்சான்னு கேட்டார். சிரிப்பு வந்துருச்சு. அந்தக் குளிர்ல லேசா காய்ச்சல், அவ்வளவுதான். நர்சுக்கு மருந்தா பஞ்சம்?

நீங்க அனுப்பப்போற பார்சல்ல ஏலக்காய் வேண்டாம், இங்கன கிடைக்குது. நம்ம கடையில இருக்கும்போது நீங்க தோள்ல போடுற துண்டு ஒண்ணு அதுல வைங்க. தபால் எடுக்க ஆள் வந்தாச்சு, நிறுத்துறேன்.

உங்கள்,
சுகிர்தம்

துண்டைத் துவைச்சிராதீக.