சதுரப் படத்தின் மேல் விளிம்பு

3 பிப்ரவரி 1936
செர்காம். காலையில் மழை. மலாக்கா ஸ்டூடியோவில் சொல்லிவைத்திருந்த பழைய கேமரா வந்து சேர்ந்தது. இதில் படம் சதுரமாக விழும். நீளமும் அகலமும் ஒன்று. "பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வாயாச்சு, இது எதுக்கு வாத்தியாரே?" என்றாள் அடுத்த வீட்டு மாரியம்மா. சும்மாதான் என்றேன். பொய்.

4 பிப்ரவரி
பொய் என்று எழுதிவிட்டேன், காரணத்தையும் எழுதிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்துக் கோயில் குடமுழுக்கன்று ஸ்டூடியோக்காரன் எல்லாரையும் நிறுத்தி நீளமான கண்ணாடித் தகட்டில் ஒரு படம் எடுத்தான். வலது ஓரத்தில் என் மனைவி மீனம்மா. தோட்டத்துக் கணக்குகளைப் பார்க்கும் பெரிய கிராணி தனபாலனிடம் அகலம் குறைந்த பிரேம் ஒன்று சும்மா கிடந்தது. அதற்குத் தக்கபடி படத்தை வெட்டச் சொன்னார். "பிரேம்ல அடங்கலேன்னா வெட்டத்தான் வேணும், வாத்தியாரே. ஓரத்துல பொம்பளைங்கதானே." அந்த வருஷமே மலேரியா அவளைக் கொண்டுபோயிற்று. ஸ்டூடியோவுக்கு ஓடினேன். தகட்டைச் சுரண்டி வெறும் கண்ணாடியாக விற்றுவிட்டார்களாம். அவளுக்கு வேறு படம் கிடையாது.
தனபாலனை ஒருநாள் நானும் வெட்ட வேண்டும். படத்தில்தான். அதற்கு மேல் என் கைக்குத் தைரியம் ஏது?

19 பிப்ரவரி
தென்னைமரம், மீன்படகு, மாரியம்மாவின் ஆடு. எடுத்துப் பழகுகிறேன். கடையில் விற்கும் அச்சுத்தாள் எதுவும் சதுரமில்லை. தாளை நிமிர்த்திப் பிடித்தால் படத்தின் இரு பக்கமும் போகும். படுக்கப் போட்டால் மேலும் கீழும் போகும்.
மேலும் கீழும் போகும்.

8 மார்ச்
தோட்டத்திலிருந்து வீராசாமி வந்தான். என்னிடம் படித்தவன். கள்ளுக்கடையை மூடக் கேட்டுச் சங்கம் தொடங்கியிருக்கிறார்களாம். கள்ளுக்கடை தோட்டத்து வெள்ளைக்காரத் துரையுடையது, அவர் லீவில் சீமைக்குப் போயிருக்கிறார். அந்தத் துணிச்சலில் தனபாலன் தலைவராகிவிட்டார்.
"ஒரு படம் வேணும் சார். வாத்தியாரு எடுத்துத் தருவாருன்னு கிராணியாரு சொல்லிட்டாரு. பிரேம்கூட வாங்கியாச்சு லா."
"எப்படிப்பட்ட பிரேம்?"
"படுத்தவாக்குல, பெருசா."
எடுத்துத் தருகிறேன் என்றேன். குரல் என்னுடையது போலவே இல்லை.

15 மார்ச்
எடுத்தாயிற்று. முன்னால் 'கள்ளுக்கடை வேண்டாம்' என்று எழுதிய துணி. பெண்கள் தரையில், ஆண்கள் பின்னால் நின்றார்கள். தனபாலனுக்கு நடுவில் நாற்காலி போட்டிருந்தார்கள். "உக்காந்தா நானும் இவனுங்களும் ஒண்ணாத் தெரிய மாட்டோமா?" என்றார்.
"பின்னால பெஞ்சு இருக்குங்க. ஏறி நிக்கலாம்" என்றேன்.
வெள்ளைக் கோட்டோடு ஏறினார். எல்லார் தலைக்கும் மேலே அவர் தோள். "கொடிமரம் நட்டாச்சு, இனி காப்புக் கட்டலாம்" என்றாள் தரையில் உட்கார்ந்திருந்த தோட்டத்துக்காரி இருசம்மாள். சிரிப்பு அடங்கக் காத்திருந்து எடுத்தேன். கீழேயும் வெற்றுத் தரை நிறைய விட்டேன், பெண்கள் யாரும் வெட்டுப்படாமலிருக்க. எவ்வளவு யோசித்திருக்கிறேன்!

20 மார்ச்
ஸ்டூடியோவில் கொடுத்த சிறு பிரதியில், நிற்பவர்களின் தலைக்கு மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். "கெப்பாலா தாடா லா, துவான்" என்றான் சீனன். ஒரு ஆளுக்குத் தலை இல்லையே என்கிறான். பரவாயில்லை என்றேன்.
இரு பக்கமும் வெள்ளை விட்டுச் சதுரத்தை முழுதாகவே போட்டிருக்கலாம். எனக்குத் தெரியும். பின்னாளில் என்னை நல்லவன் என்று நானே நினைத்துக்கொள்ளாதபடி இதை எழுதி வைக்கிறேன்.

29 மார்ச்
"என் தலை எங்கய்யா?"
"பிரேம்ல அடங்கலீங்க. வெட்டத்தான் வேண்டியிருந்தது."
அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் இருந்தது. வேறொன்றும் இல்லை. தான் சொன்ன வார்த்தை என்பது அவருக்கு ஞாபகமே இல்லை. மீனம்மாவும் ஞாபகமில்லை. கழற்றச் சொல்லிக் கத்தினார்; மற்றவர்கள் விடவில்லை, கோயில் மண்டபத்தில் மாட்டிவிட்டார்கள்.

30 மார்ச்
நன்றாகத் தூங்கினேன்.

10 மே
கோயில் திருவிழா. துரை சீமையிலிருந்து திரும்பிவிட்டார். வழக்கம்போல மாலை போட்டு மண்டபத்துக்கு அழைத்து வந்தார்கள். படத்தின் முன் நின்றார். துணியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தனபாலன் படித்துச் சொன்னார். இவர்கள் யார் என்று கேட்டார். தனபாலன் ஒவ்வொரு முகத்தின் மீதும் விரலை வைத்துப் பெயர் சொன்னார். தன் பெயரை மட்டும் சொல்லவில்லை.

11 மே
படத்தில் இருந்த அத்தனை பேரையும் கணக்கு முடித்து வெளியேற்றிவிட்டார்கள். மத்தியானம் வீராசாமி சட்டிபானையோடு என் வாசலில். இருசம்மாள் சுங்கை ரம்பாயில் யாரோ உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.
"கிராணியாருதான் எங்க தலைவருன்னு சொன்னேன் சார். படத்துல எங்கேன்னு கேட்டாரு துரை. தலையில்லாத வெள்ளைக் கோட்ட எப்படிக் காட்டறது?"
நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். வேறென்ன செய்ய?

13 மே
தனபாலன் வந்தார். கையில் ஒரு தார் வாழைப்பழம். என் வீட்டுக்கு அவர் வருவது இதுவே முதல்.
"வாத்தியாரே, உங்க கத்திரி என் சோத்தக் காப்பாத்திருச்சு. அன்னைக்கு என்னமோ கத்திட்டேன், மனசுல வச்சிக்காதீங்க. வேணும்னேதான் வெட்டுனீங்களோ? பெரிய மனசுய்யா உங்களுக்கு."
என் தோளைத் தட்டினார். தட்டினார்! பழத்தை மாரியம்மாவின் ஆட்டுக்குப் போட்டுவிட்டேன்.

14 மே
நான் வெட்டியது அவரைக் காத்துவிட்டது. வெட்டாமல் விட்டவர்கள் தெருவில் நிற்கிறார்கள். இதுவா நான் கேட்டது? மீனம்மா, என்ன காரியம் செய்துவிட்டேன்டி.
பிலிம் என்னிடம் இருக்கிறது. சுருளில் சதுரம் முழுதாக இருக்கிறது. கொடிமரத்தின்மேல் குருவி உட்கார்ந்தது போல அவர் முகம் உச்சியில் தெளிவாகத் தெரிகிறது. இதைக் காட்டினால் வீராசாமிக்கு வேலை திரும்புமா? துரை அப்படிப்பட்டவரில்லை. இருசம்மாளுக்கு வீடு திரும்புமா? இல்லை. பிறகு யாருக்காக?
எனக்காக.

16 மே
தாளின் இரு பக்கமும் வெள்ளை விட்டு, முழுச் சதுரமாக ஒன்று போடச் சொன்னேன். கோடு எதுவும் போடவில்லை.

19 மே
தபாலாபீசில் கூட்டமில்லை. உறையின்மேல் துரையின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

7 ஜூன்
தோட்டத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து புதுக் கிராணி வந்திருக்கிறாராம்; மாரியம்மா சொன்னாள்.
தனபாலன் குடும்பத்தோடு மலாக்காவுக்குப் போகும் லாரி செர்காம் வழியாகத்தான் போக வேண்டும். காலையிலேயே வேட்டி மாற்றிக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றேன். வீட்டுக்குள் போய்விடலாம் என்று பலமுறை தோன்றியது. லாரி வந்தது. மெத்தை, அலமாரி, அவர் மனைவி கோமளா, பிள்ளைகள். பின்னால் மூட்டையின்மேல் அவர். நான் மரத்தின் பின்னால் ஒதுங்கவில்லை. தலையைக் குனியவுமில்லை. அவர் என்னைப் பார்த்தார். வளைவு வரும்வரை பார்த்துக்கொண்டே போனார்.