இயந்திர இதயத்துக்கு நீ எழுதிய விதி

கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு டிஜிட்டல் விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். நகைக்கடை விளம்பரம். இன்று சாயங்கால மழையில் அது கெட்டுப்போய், மணப்பெண்ணின் முகம் பாதி பச்சையும் பாதி ஊதாவுமாக நின்றுவிட்டது. கீழே தேங்கிய தண்ணீரிலும் அதே முகம். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் குடைக்கடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் சேர்ந்து பார்த்த எதிர்காலப் படங்கள் பலவும் இப்படித்தான் தொடங்கும். உன்னிடம் காட்டத் திரும்பினேன். நீ இறந்துபோய் ஒரு பள்ளி ஆண்டு முடியப்போகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த மாதிரிக் கதைகளை வகுப்பில் நாம் இரண்டு பேர்தான் படித்தோம். வானத்தை மறைக்கும் கட்டடங்கள், அரசாங்கத்தைவிடப் பெரிய கம்பெனிகள், யாரையும் மறக்காத கேமராக்கள். எனக்கு அவற்றின் இருட்டு பிடிக்கும். நீ அந்த இருட்டுக்குள் சின்ன விஷயங்களைத் தேடுவாய். "இந்த ஊர்ல ஓயாம மழ பெய்யுது. ஒருத்தராவது காயப்போட்ட துணிய எடுக்க மாடிக்கு ஓடுதாவளா பாரு" என்பாய். அதன்பிறகு எந்தப் படத்தையும் என்னால் சும்மா பார்க்க முடிந்ததில்லை. விழிஞ்ஞம் துறைமுகத்தில், உள்ளே ஆளே இல்லாத கிரேன்கள் கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்குவதைத் தூரத்தில் நின்று பார்த்தபோது நான் வாயடைத்துப் போனேன். நீயோ, "எங்கயோ ஒரு ரூம்ல இருந்து ஒரு அக்கா ஓட்டிட்டிருப்பா. அவ சாப்ட்டாளோ என்னவோ" என்றாய்.

உன் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு பேஸ்மேக்கர் இருந்தது. வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்தால் "அய்யோ பாவம்" என்பார்கள். அந்த இரண்டு சொற்களையும் நீ வெறுத்தாய். என்னிடம் மட்டும் பெருமையடித்துக்கொள்வாய். பெரிய கோயில் வாசலில் ஆஸ்பத்திரி கொடுத்த பேஸ்மேக்கர் கார்டைக் காட்டிவிட்டு, மெட்டல் டிடெக்டருக்கு ஓரமாக உள்ளே நுழைந்து, "பாத்தியாட்டி, எதிர்காலத்துக்குத் தனி வழி" என்றாய்.

பள்ளி டெக் விழாவுக்கு நாம் ஒரு விளையாட்டு செய்தோம். பகடையும் அட்டைகளும் போதும். ஆடுபவர்கள் கடலோரத்தில் ஒரு எதிர்கால நகரத்துக்குள் போவார்கள். இந்த வகை விளையாட்டுகளில் ஒரு விதி உண்டு: உடம்பில் ஒவ்வொரு இயந்திரம் சேரும்போதும் மனிதத்தன்மையில் ஒரு புள்ளி குறையும். அது பூஜ்யமானால் அந்த ஆள் மனிதனே இல்லை. நாமும் யோசிக்காமல் அதை எடுத்துக்கொண்டோம். முதல் தடவை ஆடிப் பார்த்தபோது உன் நாயகிக்கு இயந்திர இதய அட்டை விழுந்தது.

"ஏட்டி, ஆட்டம் தொடங்கும் முன்னயே எனக்கு ஒண்ணு போச்சா?" என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பென்சிலை எடுத்து விதியை அடித்துவிட்டு வேறொன்று எழுதினாய். இயந்திரம் வைத்தவருக்கு எதுவும் குறையாது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க அவ்வப்போது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அப்போது கூட வரும் ஆளுக்கு ஒரு புள்ளி கூடும்.

"எங்கப்பா ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு வருவாருல்லா, அந்தக் கணக்குதான்" என்றாய்.

விழா அன்று நடுவர் அட்டைகளைப் புரட்டிவிட்டு, இதில் மட்டும் மனிதத்தன்மை ஏன் குறையவில்லை என்று உன்னிடம் மலையாளத்தில் கேட்டார். "எல்லா கேமிலும் மனுஷத்தம் குறையும் மோளே. இதில் எந்தா குறையாத்தது?"

நம் வகுப்பு முழுவதும் பின்னால் நின்றிருந்தது. ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடு என்று உன் கையை அழுத்தினேன். நீ கையை விடுவித்து உன் தோளுக்குக் கீழே வைத்தாய். "எனிக்குண்டு சார். இவிடே" என்றாய். தனக்கு ஒன்று இருக்கிறது, அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று அவருடைய மலையாளத்திலேயே சொன்னாய். பின்னாலிருந்து யாரோ "அய்யோ" என்று ஆரம்பித்தார்கள். நீ திரும்பாமலே, "பாவம் பறஞ்ஞால் ஒரு பாயின்ட் போகும்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நீயும்தான்.

நடுவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தானும் ஆடினார். தன் ஆளுக்கு ஒரு செயற்கைக் கண் வேண்டுமென்றார்.

"கூடே ஆரு வரும் சார்?"

கொஞ்சம் யோசித்து, "பார்ய வரும்" என்று மனைவியைச் சொன்னார்.

"சேச்சியோடு சோதிச்சோ?" என்று, அந்த அக்காவிடம் கேட்டாயிற்றா என்று, நீ கேட்டபோது அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. இதயத்தின் தசைதான் களைத்துவிட்டது, இயந்திரம் கடைசிவரை ஒழுங்காக வேலை செய்தது என்று டாக்டர் சொன்னாராம். தீயில் பேட்டரி வெடிக்கும் என்பதால் ஆஸ்பத்திரியிலேயே அதை வெளியே எடுத்துவிட்டுத்தான் உன்னைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "அதுவும் நல்லதுக்குத்தான். பெறந்த உடம்போட போறா" என்றார். நீ அடித்துவிட்ட விதி உன் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

காலையிலிருந்து வாய் திறக்காத உன் அம்மாதான் பேசினார். "அது எங்க இருக்கு? அதும் எம் பிள்ளதான். அங்கன விட்டுட்டு வந்தா எப்பிடி?"

மறுநாள் உன் அப்பா புறப்பட்டார். நானும் வருகிறேன் என்றேன். ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். அவர் அதை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆட்டோவில் வீடு வரும்வரை அது என் உள்ளங்கையில் இருந்தது. உன் அம்மா வாசலில் நின்று இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.

நான் இப்போதும் அந்தக் கதைகளைத்தான் படிக்கிறேன். இயந்திரக் கையோடோ கண்ணோடோ யாராவது வந்தால், அவரோடு கூட யார் வருகிறார்கள் என்று தேடுகிறேன். பெரும்பாலும் யாரும் வருவதில்லை. கூட வரும் அந்த ஆளை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.