கம்பெனிக்குப் போன ரத்தம்

என் அண்ணே,

ஏலக்காய் மூட்டை ஏற்றும் ஜீப்பில்தான் உன்னைப் போடிக்கு இறக்கினார்கள். ஆத்தா உன் முகத்தைத் தேடினாள். முகமென்று ஒன்று மிச்சமில்லை. கால் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்துத்தான் அலறினாள்.

சர்க்கார் உத்தரவில் என்ன தப்பு? மருத்துவக் கல்லூரியில் கண்டறிவது அங்கேயே கிடக்காமல் மருந்துக் கம்பெனிக்குப் போக வேண்டும். செய்த மருந்து, ரத்தம் தந்த ஊர்களுக்கே முதலில் இலவசமாக வர வேண்டும். அதற்காகத்தான் டாக்டரான நீயும் கம்பவுண்டரான நானும் குரங்கணிக்கு மேலே காய்ச்சல் கண்ட ஊர் ஊராக ஏறினோம். பிள்ளைகளின் விரலில் ஊசி குத்தி, கண்ணாடித் துண்டில் சொட்டு ரத்தம் எடுத்தோம்.

கடைசி ஊரில் மாடசாமி என்று ஒருவன் கேட்டான்: "இந்த ரத்தமெல்லாம் எங்கய்யா போகுது?"

"கம்பெனிக்கு" என்றாய்.

அந்த மலையில் கம்பெனி என்றால் கீழே பாலம் கட்டுகிறவர்கள்தான் என்று உனக்குத் தெரியாமலா போயிற்று? தூண் சரிந்து, பாலம் காவு கேட்கிறது என்று ஊரே பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வைத்திருந்த சமயம். 'மருந்து' என்று ஒரு வார்த்தை முன்னால் சேர்த்திருக்கக் கூடாதா, அண்ணே?

"காவுக்கு ரத்தம் எடுக்குறான்டா, புடிங்கடா" என்றான் மாடசாமி. அவன் அரிவாள்தான் முதலில் உன் தோளில் இறங்கியது. "மருந்துக்குத்தான்யா" என்று சொல்லிக்கொண்டே ஓடினாய். ஏலச்செடிக்குள் விழுந்த பிறகும் கல்லால் அடித்தார்கள். நாலு பேர் என்னை மண்ணில் அமுக்கி, இடக்கையை ஒடித்தார்கள். எல்லாவற்றையும் பார்த்தேன்.

மருந்து வந்துவிட்டது, அண்ணே. உத்தரவுப்படி அந்த ஊருக்கும் பங்குண்டு. பெட்டியோடு ஆற்றில் கொட்டிவிட்டு, அந்த ஊருக்கே தீ வைக்கலாமா என்றிருந்தது எனக்கு. மாடசாமியின் பெண்டாட்டி நேற்றுக் கீழே வந்தாள்.

"புள்ளைக்குக் காச்சல் விடல, அண்ணே. மாத்திரை கொண்டாங்க. கம்பெனின்னதும் பாலத்துக்குன்னு நெனச்சுட்டாரு. கோர்ட்டுல சாட்சி மட்டும் சொல்லிராதீங்க."

"சாட்சி சொல்லக் கூடாதுன்னா, அவன் என் கண்ணுல படாத எடத்துல வெட்டிருக்கணும். வெரசா வீட்டுக்குப் போ, நான் வர்றேன்" என்றேன். அவள் கழுத்தை நெரிக்கத் துடித்த கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

நாளைக்கு மலையேறி, அந்தப் பிள்ளை வாயில் என் கையாலேயே மாத்திரை போடுவேன். அடுத்த வாரம் அதே கையைக் கோர்ட்டில் நீட்டி, வெட்டியவன் இவன்தான் என்று சொல்வேன். இரண்டையும் செய்வேன், இது சத்தியம்.

உன்னோடு ஒரே தட்டில் தின்று வளர்ந்த
உன் தம்பி