குடோனுக்குள் வந்த பச்சைத் தண்ணீர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், கடையும் நலம். நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்துவார், அதனால்தான் கடிதம்.

நம் கடைக்குப் பின்னால் இருக்கிற பழைய நீச்சல் குளத்தை மறுபடியும் திறந்துவிட்டார்கள். நீ பார்த்த காலத்தில் அதில் பாசியும் பாட்டில்களும்தான் கிடந்தன. மில்காரர்கள் தங்கள் ஆபீசர்கள் குளிப்பதற்காகக் கட்டிய குளம் அது. மண் வெட்டிச் சுமந்தது தொழிலாளிகள், ஆனால் கட்டி முடித்த பிறகு வேலிக்கு இந்தப் பக்கம்தான் அவர்கள் நிற்கலாம். மில்லை மூடினதும் நகராட்சி எடுத்து எல்லோருக்கும் திறந்தது. முதல் நாள் வந்த ஒருவரிடமும் நீச்சல் உடை கிடையாது, போட்டிருந்த சட்டையோடு குதித்தார்கள். உன் அப்பா பையில் பஸ் பாஸ் இருப்பதை மறந்து குதித்தவர், இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்வார். பிறகு தண்ணீர் எங்கேயோ ஒழுக ஆரம்பித்தது. எங்கே என்று தேடாமல் வருஷா வருஷம் தரையில் நீல பெயின்ட் அடித்தார்கள். பெயின்ட் விற்றது நான்தான், கேட்டார்கள், கொடுத்தேன். ஒழுகினது நிற்கவில்லை, நிரப்பி நிரப்பி அலுத்துப்போய்ப் பூட்டிவிட்டார்கள்.

குளத்தை மண் போட்டு மூடிவிட்டுக் கடைகள் கட்ட வேண்டும் என்று வியாபாரிகள் சங்கம் மனு கொடுத்தது உனக்குத் தெரியாது. முதல் கையெழுத்து என்னுடையது. முனைக் கடை, இரண்டு தெருவுக்கும் முகம் வைத்தது, அதை எனக்கென்று பேசி வைத்திருந்தேன். எனக்கென்றால் உனக்கு. நீ திரும்பி வந்தால் உட்கார ஓர் இடம் வேண்டாமா என்பது என் கணக்கு. குளத்தைக் காப்பாற்றச் சொல்லி அப்பாவும் அவருடைய நீச்சல் சிநேகிதர்களும் (நான் தவளைக் கூட்டம் என்பேன்) வேறொரு மனு கொடுத்தார்கள். நகராட்சி குமாஸ்தா, "ஏன்க்கா, ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் வந்தீங்களா?" என்று கேட்டான். ஆமாம், வண்டி ஓட்டினது நான் என்றேன்.

கடைசியில் ஓர் இன்ஜினியர் பெண்ணை அனுப்பினார்கள். குளத்தை நிரப்பி அதில் பச்சைச் சாயம் கலந்தாள். சாயம் வெளியே எங்காவது தலை காட்டினால் ஒழுகல் அந்த இடத்தில்தான், சரி பண்ணிவிடலாம், எங்கேயும் காணவில்லை என்றால் தரையே விட்டுப்போயிருக்கிறது, மண் போட்டு மூட எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று எங்கள் இரண்டு கட்சிக்கும் பொதுவாகச் சொன்னாள். மறுநாள் காலையில் கடைக்குப் பின்புறம் இருக்கிற குடோனைத் திறந்தேன். சிமெண்ட் மூட்டைகள் பச்சைத் தண்ணீரில் நின்றன.

ஒவ்வொரு வருஷ மழைக்கும் அடி வரிசை மூட்டைகள் கல்லாகிப் போனதற்குக் கூரைதான் காரணம் என்று கூரைக்காரரை நான் பேசாத பேச்சில்லை. தண்ணீர் மேலேயிருந்து வரவேயில்லை, குளத்தில் தேங்கினதுதான் அந்தப் பக்கச் சுவருக்கு அடியிலிருந்து வந்திருக்கிறது. குடோன் ஷட்டரை இறக்கிவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்தேன். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், குளம் போய்விடும், முனைக் கடை வந்துவிடும். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த அப்பா, குடையைத் தேடிக் குடோனுக்குள் போனார். திரும்பும்போது செருப்பு பச்சையாக இருந்தது. கத்துவார், தவளைகளைக் கூட்டி வருவார் என்று பார்த்தேன். செருப்பைக் குழாயடியில் கழுவிவிட்டு வந்து கேரியரைப் பிரித்தார். "முனைக் கடை யாருக்கு?" என்று கேட்டார். பிள்ளைக்குத்தான் என்றேன். "அவன் கேட்டானா?" என்றார்.

எத்தனையோ சரக்குக்காரர்களுக்குப் பதில் சொன்னவள் நான். இதற்கு யோசித்துப் பார்த்தேன். என் முழங்கால் வலியை விசாரித்திருக்கிறாய், பக்கத்து வீட்டு நாயைக்கூட விசாரித்திருக்கிறாய், கடையைப் பற்றி ஒரு தடவையும் கேட்டதில்லை. அப்பா, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன் குடோன், உன் சுவரு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நானே போய் அந்தப் பெண்ணைக் கூட்டி வந்தேன். அவள் பச்சைத் தண்ணீரைப் பார்த்துக் குதித்தாள். குதிச்சது போதும், முதலில் என் சுவரைச் சரி பண்ணிக் கொடு என்றேன்.

சுவரோரம் தோண்டினார்கள், குளத்துத் தண்ணீரை வெளியே விடுகிற பழைய இரும்புக் குழாய் மூட்டில் விட்டிருந்தது. அதை மாற்றினார்கள். நீல பெயின்ட்டைச் சுரண்டச் சுரண்ட அடியில் சின்னச் சின்ன வெள்ளை ஓடுகள், நடுவே கறுப்புக் கோடு, ஆழம் எழுதின எழுத்து எல்லாம் அப்படியே இருந்தன. உடைந்த ஓட்டுக்கு அதே வெள்ளை எந்தக் கம்பெனியிலும் கிடைக்கவில்லை, நானே அலைந்து பார்த்தேன். ஒட்டுப் போட்டது தெரிகிறது, தெரிந்தால் தெரியட்டும் என்று அந்தப் பெண் விட்டுவிட்டாள். சங்கத் தலைவர், "எங்களைக் குளத்துல தள்ளிட்டீங்களேம்மா" என்றார். தண்ணி இருக்கிற குளம்தானே அண்ணே, நீந்தி வாங்க என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் பைப் வாங்க நம் கடைக்குத்தான் வருகிறார். கூரைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "திட்டினதையெல்லாம் திருப்பி எடுத்துக்குங்கக்கா, வீட்டுல வைக்க இடமில்ல" என்றார்.

திறந்த அன்று அப்பா வேண்டுமென்றே சட்டையோடு குதித்தார். காவல்காரர் விசில் ஊதி மேலே ஏற்றினார். பஸ் பாஸை மட்டும் இந்தத் தடவை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் குதித்தார்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ கேட்காத கடையை மனசுக்குள் கட்டி வைத்தது நான், இடித்ததும் நான். நீயாக என்றைக்காவது கேட்டால் பேசுவோம், கேட்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. அங்கேயே நன்றாக இருங்கள். இரண்டு பேருக்கும் நோய் நொடி இல்லாமல், கை நிறைய வேலையும் கண் நிறையத் தூக்கமும் இருக்கட்டும்.

லீவில் வரும்போது நீச்சல் உடை எடுத்து வா. அப்பாவுக்கும் ஒன்று வாங்கு, உன் அளவுதான், வயிற்றில் மட்டும் கொஞ்சம் தாராளமாக.

அடி வரிசை மூட்டைகள் காய்ந்தே இருக்கின்றன.

இப்படிக்கு,
உன் அம்மா