சிரிப்பு நடிகருக்கு ஒரு கல்வெட்டு

1986 நவம்பர் 4, செவ்வாய்

வுப்பர்டால். விடிந்ததிலிருந்து மழை. அகதிகளுக்கு ஒதுக்கும் வேலைதான் இன்றும்: முதியோர் இல்லத்தில் துணி மடிப்பு. முதுகு முறிகிறது. வாங்க: மிளகாய்த்தூள், முத்திரை, காலுறை.

மூன்றாம் மாடி வீலாண்ட் ஐயா. ஊமைப்பட காலத்துச் சிரிப்பு நடிகராம். கதை, இயக்கம், விழுவது எல்லாம் அவரே. எனக்கு ஜெர்மன் வராது. அவருக்கு அது தேவையுமில்லை. தலையணை உறைக்குள் கையை விட்டார். கை தொலைந்துபோனதாக அறை முழுக்கத் தேடினார். கட்டிலுக்குக் கீழே, என் வாளிக்குள், தாதியின் சட்டைப் பைக்குள்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஊரில் என் வீட்டுக்காரரை ஆமிக்காரர் கொண்டுபோன பிறகு இதுதான் முதல் தடவை. பிறகு கழிப்பறைக்குள் போய் அழுதேன். வெட்கம் கெட்ட சிரிப்பு.

நவ. 7, வெள்ளி

மாமியின் கடிதம். அதே கதை. "இரண்டு வருசமாச்சு பிள்ளை. சுட்டதைக் கண்ட ஆள் வந்து சொல்லிப்போட்டுது. நீ ஓமெண்டால் என்ர மகனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வம்."

பதில் எழுதவில்லை. பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நவ. 12, புதன்

குளிர். அகதி விடுதியில் பக்கத்து அறை சிவம் அண்ணை, ஊரில் வாத்தியார். வீலாண்ட் ஐயா தந்த பழைய பத்திரிகைத் துண்டை வாசித்துச் சொன்னார். பதினேழு வயதில் சர்க்கஸ். பிறகு படம். கதவில் மூக்கை இடித்துச் சிரிப்புக் காட்டியதில் அவர்தான் முதல் ஆளாம். பேசும் படம் வந்ததும் ஒருவரும் கூப்பிடவில்லை. போரில் குண்டு விழுந்து மனைவி போய்விட்டா. படச்சுருள்களும் அதே நெருப்பில். பிள்ளைகள் இல்லை. கடைசியில் தியேட்டர் வாசலில் ரிக்கற் கிழித்தாராம், மற்றவர்களின் படத்துக்கு.

"பெரிய ஆள்தான் தங்கச்சி," என்றார் அண்ணை.

நவ. 18, செவ்வாய்

வீலாண்ட் ஐயாவின் கட்டில் வெறுமை. ஞாயிறு விடிய முடிந்துவிட்டதாம். மெத்தையைத் துடைத்தபடி தாதி அரைகுறை ஆங்கிலத்திலும் சைகையிலும் சொன்னாள். யாருமில்லை, நகரசபையே புதைத்துவிடும். எவரும் அழவில்லை. கோபம் கோபமாக வந்தது.

நவ. 20, வியாழன்

"வெள்ளைக்காரனுக்குக் கல்வெட்டோ? விசரே உமக்கு!"

"எழுதுங்கோ அண்ணை."

ஊரில் அந்தியேட்டி வீடுகளில் கல்வெட்டு என்று அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகங்களுக்கு எத்தனை பாட்டு எழுதிய கை அண்ணையின் கை! வரலாற்றுப் பகுதி ஒரே இருப்பில் முடிந்தது. சர்க்கஸ், கதவு, ரிக்கற் எல்லாம் வெண்பாவில். மூக்கு இடிபடும் இடத்தில் அண்ணைக்கே சிரிப்பு.

நவ. 22, சனி

மழை விட்டிருக்கிறது. அண்ணை தாளோடு வந்தார்.

"இனி மனைவி புலம்பல். அது இல்லாமல் கல்வெட்டு நிக்காது. அந்த மனுசியும் இல்லை. ஆர் சொல்லி அழுகிறது?"

"நான் சொல்லுறன். நீங்கள் பாட்டாக்குங்கோ."

சொன்னேன். "வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தன். சோத்தை மூடி வைச்சன். உங்கட சைக்கிளை மட்டும் ஆரோ உருட்டிக்கொண்டு வந்தினம்..."

பேனா நின்றது.

"தங்கச்சி, ஆரின்ர சைக்கிள்?"

சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். குசினியில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். அண்ணை எழுந்து போகவில்லை.

"என்ர இவருக்கே கல்வெட்டு எழுதுங்கோ அண்ணை," என்றேன். "மாமிக்கு அனுப்ப வேணும்."