மூன்றாவது சமக்குறி

திருவொற்றியூர்,
9 ஜூலை 2006

அன்புள்ள செங்கொடிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். புனேயில் மழை தொடங்கியிருக்கும். இங்கே எண்ணூர் சாலையில் லாரி வரிசை இன்னும் நீண்டுவிட்டது. உன் முகவரியை டோல்கேட்டில் உன் அம்மாவைப் பார்த்தபோது வாங்கினேன். சற்று யோசித்துத்தான் கொடுத்தார்.

பூவம்மா உனக்கு நினைவிருக்கும். சுனாமி அன்று கடலில் இருந்த கணவர் திரும்பவில்லை. எர்ணாவூரில் சுனாமிக் குடும்பங்களுக்குக் கட்டும் வீட்டுக்கான படிவத்தில், கணவர் இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்று கேட்டதற்கு, "கீறாருன்னா எங்கன்னு கேப்ப, பூட்டாருன்னு எழுத வுடமாட்டேன், அத்த அப்படியே வுட்டுடும்மா" என்றாள். நீயும் காலியாகவே விட்டாய்.

அதற்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தாய்: "அக்கா, கேக்காம வுட்டது வேற, கேட்டும் காலியா வந்தது வேற. நான் நிரல் எழுதுற ஜாவாஸ்கிரிப்ட்ல முதலாவது 'அன்டிஃபைண்ட்', ரெண்டாவது 'நல்' (null)." கணிதம் படித்த எனக்கு இரண்டும் ஒன்றுமில்லாததுதானே என்று தோன்றியது. சிரித்தேன்.

நீ விடுப்பில் இருந்த நாள், மறுநாள் அதிகாரிகள் வருவதாக இருந்தது. உன் நிரலில் ஓட்டிய பயனாளிகள் பட்டியல் பூவம்மாவின் வரிசையில் நின்று, திரையில் பிழைப் பெட்டி வந்தது. காலியாக வந்ததை எப்படி அச்சிடுவது என்று நீ எழுதாமல் விட்டிருந்தாய். அது உன் பிழை. அதன் மேல் நான் செய்தது உன்னுடையதல்ல. கேட்கப்படாதவர்களை மட்டும் தாண்டிப் போகச் சொல்லும் வரியில், அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க மூன்று சமக்குறிகள் போட்டிருந்தாய். நான் ஒன்றை அழித்தேன். இரண்டு சமக்குறிக்கு 'நல்'லும் 'அன்டிஃபைண்ட்'டும் ஒன்றுதான். பெட்டி போய்விட்டது, பட்டியல் கடைசிவரை வந்தது. பூவம்மாவையும் தாண்டித்தான் வந்தது. அவளிடம் படிவம் வாங்கியாயிற்று என்பதால், விட்டுப்போனவர்களைத் தேடிப் போனவர்களும் அவளிடம் போகவில்லை.

வீடு ஒதுக்கிய அன்று அவள் பெயர் இல்லை. நம் தொண்டு நிறுவனச் செயலாளர் மனோகரன், புரோகிராம் எழுதியது அந்தப் பெண்தானே என்றார். நான் பேசவில்லை. என் கை பட்டதே என்று அப்போது தோன்றவில்லையா என்றால், தோன்றியது. திறந்து பார்க்கவில்லை. அடுத்த வாரம் நீ வேலையை விட்டாய். எதையும் எளிதில் நம்பாதவள் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். பிழை காட்டாத திரையை மட்டும் நம்பிவிட்டேன்.

போன திங்கட்கிழமைதான் பழைய கோப்பைத் திறந்தேன். அன்றே மனோகரனிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், அழித்தது நான் என்று. விடுபட்டவர்களுக்கான துணைப் பட்டியலுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. பூவம்மா இன்னும் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறாள். கணவர் இறந்தவர் என்று போட்டு முடியுங்கள் என்கிறார் மனோகரன். முடியாது என்றேன்.

மூன்றாவது சமக்குறியைத் திரும்பப் போட்டேன். காலியாக வந்தவர்களுக்குத் தனி வரி எழுதினேன். இப்போது பூவம்மாவின் பெயர் வருகிறது, கணவருக்கான இடம் வெற்றாக நிற்கிறது. நிரலையும் பட்டியலையும் இதனுடன் இணைத்திருக்கிறேன். என் கண்ணை இந்த விஷயத்தில் நான் நம்பவில்லை. நீ ஒருமுறை பார்.

தவறு இருந்தால் உடனே எழுது. சரியாக இருந்தாலும் எழுது. பதில் வராவிட்டால், கடிதம் சேரவில்லையா, சேர்ந்தும் எழுத மனமில்லையா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றல்ல என்று இப்போது தெரியும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

கார்குழலி